ஷாக் முதலில், ஸ்வே பார் பிறகு: என் பிக்கப்பில் இரண்டையும் மாற்றிப் பார்த்த அனுபவம்

வளைவில் வண்டி சாய்கிறது, மேடுபள்ளத்தில் குதிக்கிறது, பாரம் ஏற்றினால் ஆட்டம் காண்கிறது என்று பிக்கப் வைத்திருக்கும் எவரிடம் சொன்னாலும், ‘நல்ல ஷாக் போடுங்கள், கூடவே தடிமனான ஸ்வே பார் ஒன்றையும் போட்டுவிடுங்கள்’ என்ற பதில்தான் வருகிறது. ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் உருளை; ஸ்வே பார் என்பது வளைவில் வண்டி சாய்வதை எதிர்க்கும் எஃகுக் கம்பி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வண்டி அடியோடு மாறிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் பலர். அந்த மகிழ்ச்சியில் குறை காண நான் வரவில்லை. ஆனால் எந்த மாற்றம் எந்தப் பொருளால் வந்தது என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை. என் வண்டியில் இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே ஏழு வாரம் ஓடிவிட்டது. நான் திட்டமிட்டு விட்ட இடைவெளி அன்று. ஸ்வே பார் வந்துசேரத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தால்தான் இந்த மதிப்பீட்டை எழுத முடிகிறது.

வண்டி நான்கு கதவுள்ளது. முன்புறம் இரட்டை விஷ்போன் அமைப்பில் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரு கைகள் தாங்கும் அமைப்பு) காயில் ஸ்பிரிங், பின்புறம் திட ஆக்சிலும் கமான் பட்டைகளும். முன்புறம் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஸ்வே பார் உண்டு, பின்புறம் கிடையாது. இப்படிப் பின்புறத்தில் ஸ்வே பார் இல்லாமல் வரும் பிக்கப்புகள் ஏராளம். வேலை தொடங்கும்போது ஓடியிருந்த தூரம் 96,000 கிலோமீட்டர். வாரத்தில் பாதி நாள் காலியாகவும், மீதி நாள் ஏறத்தாழ 350 கிலோ பாரத்துடனும் ஓடுகிறது. பாரத்தில் பெரும்பகுதி பின்தொட்டிக்கு மேலே அமைத்த இரும்புச் சட்டத்தில் ஏணிகளாகவும் குழாய்களாகவும் இருக்கிறது. பாரத்தின் எடையைவிட அது உட்கார்ந்திருக்கும் உயரமே எனக்குத் தொல்லை கொடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதப்போவது பலவும் அதைச் சார்ந்தது.

பழைய ஷாக்குகள் செத்துவிட்டன என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஷாக் ஒரே நாளில் சாவதில்லை; மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத் தளர்கிறது, ஓட்டுகிறவரும் அதற்கேற்பச் சிறுகச் சிறுகப் பழகிவிடுகிறார். பம்பரைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, பிக்கப்பின் பின்புறத்தில் செல்லாது. கமான் பட்டைகள் மிகக் கடினமானவை. போதாததற்குப் பட்டைக்கும் பட்டைக்கும் இடையே உள்ள உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். எனக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது முதலில் டயர். பின் டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவியபோது, சீராகத் தேயாமல் அலையலையாக மேடும் குழியுமாக இருந்தது. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்ததன் தடம் அது. அடுத்தது வெப்பம். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. எனவே உழைக்கும் ஷாக் சூடாக இருக்க வேண்டும். கரடுமுரடான சாலையில் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியவுடன் நான்கையும் தொட்டுப் பார்த்தேன். முன்னிரண்டும் நல்ல சூடு. பின் இடது வெதுவெதுப்பு. பின் வலதோ பக்கத்திலிருந்த சேசிஸைப் போலவே குளிர்ந்து கிடந்தது. இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் விரல் நுனியால் தொட்டுத் தொடங்குவது நல்லது; உழைத்த ஷாக் கையைச் சுட்டுவிடும்.

அந்தப் பின் வலது ஷாக்கைக் கழற்றியபோது உடல் முழுவதும் எண்ணெய்க் கசிவில் தூசி படிந்து, சேற்றைக் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. நிமிர்த்தி வைத்துத் தண்டை அழுத்தினேன். முதல் இரண்டு விரற்கடை தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிறகுதான் எண்ணெய் எங்கோ பிடித்துக்கொண்டது. கையை எடுத்ததும் விட்ட இடத்திலேயே நின்றது. இது இரட்டைக் குழாய் வகை. இந்த வகையில் எண்ணெயும் வாயுவும் ஒரே உறைக்குள் தடுப்பின்றி இருப்பதால், தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைத்துவிடும். நுரை வால்வின் துளைகளில் எதிர்ப்பே இல்லாமல் நுழைந்துவிடும். நீண்ட கரடுமுரடான பாதையில் முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கும் வண்டி அதன் பிறகு படகு போல மிதக்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

ஒற்றைக் குழாய் வகையில், அதாவது மோனோ டியூபில், எண்ணெயையும் நைட்ரஜன் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 25 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 25 மடங்கு இருப்பதால் எண்ணெய் நுரைக்க வழியில்லை. எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரே ஒரு சுவர் மட்டும் இருப்பதால் வெப்பமும் விரைவாக வெளியேறும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போனின் இந்த யோசனையை பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பலவீனமும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: பிஸ்டன் வெளிச்சுவரை ஒட்டியே ஓடுவதால், பெரிய கல் தெறித்துச் சுவரில் ஒரு பள்ளம் விழுந்தால் ஷாக் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளி உறை நசுங்கினாலும் உள்குழாய் பிழைத்துக்கொள்ளும். பாறைகளுக்கிடையே ஓட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது பில்ஸ்டைன் 5100. 46 மில்லிமீட்டர் பிஸ்டன், துருவைத் தடுக்கத் துத்தநாகப் பூச்சு. ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் என்ற இன்னொரு ஷாக்கில் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்க ஒன்பது நிலைகள் கொண்ட திருகு உண்டு. காலியாகவும் பாரத்தோடும் மாறி மாறி ஓடும் என் வண்டிக்கு அது பொருத்தமாகத்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் குனிந்து நான்கு திருகுகளைத் திருப்புகிற ஆள் நான் இல்லை என்பது எனக்கே தெரியும். முதல் வாரம் திருப்புவேன், பிறகு ஏதோ ஒரு நிலையில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் தன்னாலேயே இரு நிலையையும் சமாளிக்கும் வால்வு அமைப்பைத் தேடினேன். 5100-இல் பிஸ்டன் மெதுவாக நகரும்போது எதிர்ப்பு விரைவாக ஏறுகிறது. வேகமாக நகரும்போது அதே விகிதத்தில் ஏறாமல் தளர்கிறது. வளைவில் வண்டி சாய்வதும் பிரேக்கில் மூக்கு இறங்குவதும் மெதுவான அசைவுகள். பள்ளத்தில் சக்கரம் விழுவது வேகமான அசைவு. முன்னதை இறுக்கிப் பிடித்து, பின்னதை விட்டுக்கொடுப்பதே இதன் நோக்கம்.

பல மாடல்களுக்கான 5100 முன் ஷாக்குகளில் ஸ்பிரிங் தட்டை மேலும் கீழும் மாற்றி வைக்கப் பல பள்ளங்கள் இருக்கின்றன. அதைக் கொண்டு வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தலாம். நான் மிகக் கீழான பள்ளத்திலேயே வைத்தேன். ஏற்கெனவே மேலே பாரம் சுமக்கும் வண்டியை இன்னும் உயர்த்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தவிர, ஸ்பிரிங் தட்டை உயர்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரம் கீழே தொங்குவதற்கான தூரத்திலிருந்து கழிகிறது. அளவுக்கு மீறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு ‘டங்’ என்று அடிக்கும். உயர்த்தினால் சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பதும் முகப்பு விளக்கின் நோக்கை இறக்குவதும் கட்டாயம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பின் ஷாக்குகளை நானே மாற்றினேன். கீழ் போல்ட் பத்து நிமிட வேலை. மேல் போல்ட் சேசிஸுக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே, ஸ்பேனர் ஆறில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திரும்பாத இடத்தில் இருந்தது. முந்தைய இரவே துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டிருந்ததால் மட்டுமே அது அசைந்தது. புதிய ஷாக்கின் கட்டுப்பட்டையை வெட்டியதும் தண்டு யாரும் தொடாமலேயே மெல்ல மெல்ல மேலெழுந்து முழு நீளத்துக்கு வந்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது. 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டின் குறுக்குப் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் மேல் 25 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 39 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டே போல்டை நுழைக்க முடியாது. முழங்காலால் அழுத்திக் கயிற்றால் கட்டித்தான் நுழைத்தேன். வாயு நிரப்பிய ஷாக் போட்டபின் வண்டி சில மில்லிமீட்டர் உயர்வதன் காரணமும் இதுவே. ஆனால் இதை நம்பி, ஷாக் மாற்றினால் தொங்கிய பின்புறம் நிமிரும் என்று யாரும் எண்ண வேண்டாம். பாரம் தாங்குவது ஸ்பிரிங். கமான் தளர்ந்திருந்தால் கமானைத்தான் பார்க்க வேண்டும்.

முன் ஷாக்குகளைப் பட்டறையில் கொடுத்தேன். அழுத்திய காயில் ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை எலும்பை முறிக்கக்கூடியது. சரியான அழுத்துகருவி இல்லாமல் அதில் கைவைப்பது அறிவுடைமை ஆகாது. பட்டறையில் வேலை சுத்தமாக இருந்தது, ஒன்றைத் தவிர. வண்டி லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே கீழ் போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்கு முடுக்கிவிட்டார்கள். ஷாக்கின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ், உள் இரும்புக் குழலோடும் வெளி வளையத்தோடும் ஒட்டி வார்க்கப்பட்டது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு இறங்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஓட ஓட அது கிழியும். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ரப்பரின் முகத்தில் சாய்வான சுருக்கங்கள் தெரிந்தன, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல. சக்கரங்களைத் தரையில் நிறுத்தியபடியே போல்ட்டைத் தளர்த்தினேன். ‘டக்’ என்ற ஓசையுடன் முறுக்கு விடுபட்டது, முன்புறம் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கி அமர்ந்தது. வண்டியை இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, உரிய அளவுக்கு மறுபடி இறுக்கினேன். பட்டறையில் கொடுக்கிறவர்கள், ‘தரையில் இறக்கிய பிறகு இறுக்குங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

இனிப் பலன். முதல் மாற்றத்தை நான் எதிர்பாராத இடத்தில், பிரேக்கில் உணர்ந்தேன். மூக்கு சட்டென்று குனியாமல் அளவோடு இறங்கி நிற்கிறது. சரளைப் பாதையில் காலி வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் ‘தத்தித் தத்தி’ நகர்கிற பழக்கம் அறவே போயிற்று. பெரிய மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே அசைவு, அதோடு நின்றுவிடுகிறது. முன்பு இரண்டரை முறை ஆடும். நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி அதற்குக் கீழ்ப்படிவதற்கும் இடையே இருந்த சோம்பலான இடைவெளி குறைந்துவிட்டது. காலியாக மெதுவாக ஓட்டும்போது சாலையின் சிறு சிறு மேடுபள்ளங்கள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. மெதுவான அசைவை இறுக்கிப் பிடிக்கும் வால்வைத் தேர்ந்தெடுத்தால் அது கூடவே வரும், தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். மெத்தை போன்ற சவாரியைத் தேடுகிறவர்களுக்கு இந்த வகை ஏற்றதன்று.

ஆனால் ஒன்று மாறவில்லை. நான் வழக்கமாகச் செல்லும் பாதையில், ஒரே ஆரத்தில் முக்கால் வட்டமாகச் சுற்றி ஏறும் நீண்ட வளைவு ஒன்று இருக்கிறது. சட்டத்தில் பாரத்தோடு அதில் ஒரே வேகத்தில் ஏறினால், பழைய ஷாக்கில் எவ்வளவு சாய்ந்ததோ, புதிய ஷாக்கிலும் அவ்வளவே சாய்ந்தது. கண்ணாடியில் தொங்கவிட்ட சாவிக்கொத்து கதவுப் பக்கம் அதே தூரம் ஒதுங்கி நின்றது என்றால் மிகையில்லை. சற்று யோசித்தால் இதில் வியப்பில்லை. ஷாக் அசைவின் வேகத்தை எதிர்க்கிறது. அசைவே இல்லாதபோது அதற்கு வேலையும் இல்லை. சாய்வை நோக்கிப் போகும் வேகத்தை அது குறைக்கும். சாய்ந்து நிலைத்தபின் எவ்வளவு கோணத்தில் நிற்பது என்பதை ஸ்பிரிங்கும் ஸ்வே பாரும்தான் முடிவு செய்கின்றன. ஷாக் மாற்றியும் சாய்வு குறையவில்லை என்று ஏமாறுகிறவர்கள் பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வாங்க வேண்டிய பொருள் வேறு.

அந்த வேறு பொருள்தான் ஸ்வே பார். ஆன்டி-ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் என்பனவும் அதன் பெயர்களே. கனடாவின் ஃபிரெடெரிக்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை வடிவம் இன்றும் ஏறக்குறைய அதுவே, ‘ப’ வடிவில் வளைத்த ஒரு எஃகுக் கம்பி. இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தொங்கினால்தான் கம்பி முறுக்கப்பட்டு எதிர்க்கும். முறுக்கை எதிர்க்கும் வலிமை, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதுதான் வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் சங்கதி. 25 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 28 மில்லிமீட்டர் போட்டால் தடிமன் 12 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ 57 சதவீதம் கூடிவிடும். 32 மில்லிமீட்டருக்குப் போனால் இரண்டரை மடங்கையும் தாண்டும். ‘ஒரு அளவு பெரிதாகவே எடுத்துவிடுவோம்’ என்று சட்டை வாங்குவதுபோல இதை வாங்கக் கூடாது. குழல் வடிவக் கம்பிகளும் கிடைக்கின்றன: 30 மில்லிமீட்டர் விட்டத்தில் 20 மில்லிமீட்டர் துளையுள்ள குழல், அதே விட்டமுள்ள திடக் கம்பியின் விறைப்பில் 80 சதவீதத்தைத் தரும், எடையோ 56 சதவீதம்தான்.

என் வண்டியின் பின் ஆக்சிலுக்கு 25, 28 மில்லிமீட்டர் ஆகிய இரு அளவுகளில் கம்பி தயாரிக்கிறார்கள், 25-ஐ எடுத்தேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரு சிறு பொருள் இல்லாமற்போனதால் எனக்கு நேர்ந்த தொல்லையைப் பின்னால் சொல்கிறேன். அது கட்டியவரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம், அதற்காக ஒரு பெயரில் கறை பூசுவது முறையன்று. கம்பியின் செய்நேர்த்தியில் குறையில்லை: வளைவுகள் சீரானவை, பூச்சு தடிமனானது, இரு முனையிலும் லிங்க் கம்பிகளை மாட்ட இரண்டிரண்டு துளைகள்.

பொருத்தும் முறை எளிது. கம்பியின் நடுப்பகுதி இரண்டு யு-போல்ட்களால் ஆக்சில் குழாயில் உட்காரும். அதன் இரு முனைகளிலும் வளைந்து நீளும் கைகளிலிருந்து, லிங்க் என்ற சிறு இணைப்புக் கம்பிகள் சேசிஸுக்குப் போகும். எளிது என்று சொன்னேனே தவிர, இங்கேதான் நான் பெரிய ஆபத்தொன்றை நூலிழையில் தவிர்த்தேன். ஆக்சில் குழாயின் பின்பக்கத்தை ஒட்டி மெல்லிய பிரேக் குழாய் ஒன்று ஓடுகிறது. ஒரு சிறு கொக்கி அதைப் பிடித்திருக்கிறது. வலது யு-போல்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்பேனர் வழக்கத்துக்கு மாறாக ‘மெத்’தென்று திரும்பியது. எட்டிப் பார்த்தால் யு-போல்டின் விளிம்பு பிரேக் குழாயின் மேல் உட்காரத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு சுற்று இறுக்கியிருந்தால் குழாய் நசுங்கியிருக்கும். போல்டை ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தி, கொக்கியை இடம்மாற்றிச் சரிசெய்தேன். பொருத்தி முடித்ததும் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கியும் முழுதாகத் தொங்கவிட்டும், கம்பி பிரேக் ஹோஸையோ சைலன்சர் குழாயையோ டிஃபரன்ஷியல் மூடியையோ தொடுகிறதா என்று பார்ப்பது இந்த வேலையில் பாதி. வண்டி தரையில் நிற்கும்போது கம்பியின் கைகள் ஏறக்குறைய தரைக்கு இணையாகவும், லிங்க் கம்பிகள் செங்குத்தாகவும் நிற்க வேண்டும்.

முதலில் லிங்க் கம்பிகளை உள்துளைகளில் மாட்டினேன். உள்துளை என்றால் கையின் நீளம் குறைவு, நெம்பு சிறிது, விறைப்பு அதிகம். கை 250 மில்லிமீட்டரிலிருந்து 225-ஆகக் குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 23 சதவீதம் கூடும். அன்று மாலையே பாரத்தோடு அந்த நீண்ட வளைவுக்குப் போனேன். வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. சாய்வு கண்கூடாகக் குறைந்தது. சட்டத்தின் மேலிருந்த ஏணிகள் எழுப்பும் முனகல்கூட அடங்கிவிட்டது. எதிரே பெரிய லாரி கடந்துபோகும்போது காற்றடித்து வண்டி அசைந்து, மறுபடி அசைந்து நிற்கும் அந்தப் பழைய தள்ளாட்டம் ஒரே அசைவோடு முடிந்தது. ஷாக்கால் தர முடியாததை ஸ்வே பார் தந்தது என்று அன்று எழுதியிருந்தால் இந்த மதிப்பீடு முழுப் பாராட்டாக முடிந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து மழை பெய்தது. பின்தொட்டி காலி. ரவுண்டானா ஒன்றில் மிதமான வேகத்தில் திரும்பி, வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். வண்டியின் வால் வெளிப்பக்கம் நழுவியது. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டின் விளக்கு மினுக்கியது, கணினி ஒரு சக்கரத்தைப் பிடித்து இழுத்து வண்டியை நேராக்கியது. எனக்கு ஓட்டத் தெரிந்த பத்தாண்டுகளில் அந்த ரவுண்டானாவில் அப்படி ஒன்று நடந்ததில்லை. காரணம் கம்பியேதான். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் பெயரும் மொத்தச் சுமையை ஸ்வே பார் குறைப்பதில்லை. அது வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் வண்டியின் எடைமையம் இருக்கும் உயரத்தையும் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் பொறுத்தது. அந்தச் சுமைப்பெயர்ச்சியில் முன் ஆக்சிலுக்கு எவ்வளவு, பின் ஆக்சிலுக்கு எவ்வளவு என்ற பங்கைத்தான் கம்பி மாற்றுகிறது. பின்புறத்தை விறைப்பாக்கினால் பின் ஆக்சில் பங்கு கூடும், பின் டயர்களின் மொத்தப் பிடிமானம் குறையும். காலி பிக்கப்பின் பின்புறம் ஏற்கெனவே இலேசானது. ஈரச் சாலையில் அதற்கு மிச்சம் மீதி ஏதும் இருப்பதில்லை.

மறுநாளே லிங்க் கம்பிகளை வெளித்துளைகளுக்கு மாற்றினேன். வளைவில் சாய்வு கொஞ்சம் திரும்பி வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. ஈரத்தில் வால் நழுவும் எண்ணம் அகன்றது. அதே ரவுண்டானாவில் காலியாக, மழையில், பலமுறை கவனமாகச் சோதித்துவிட்டேன். 28 மில்லிமீட்டர் கம்பியை வாங்கியிருந்தால் வெளித்துளையில் மாட்டினாலும் 25-இன் உள்துளையைவிட விறைப்பாகவே இருந்திருக்கும். மெல்லியதை எடுத்தது புத்திசாலித்தனத்தால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது மட்டுமே அப்போது இருப்பில் இருந்தது.

ஸ்வே பாரைப் பற்றி இன்னும் ஒரு குறை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, கம்பி அந்த உதறலை மறுபக்கத்துக்கும் கடத்துகிறது. மாறி மாறிப் பள்ளங்கள் உள்ள மண்பாதையில் ஓட்டுகிறவரின் தலை இடமும் வலமும் ஆடுவது முன்பைவிடக் கூடியிருக்கிறது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க வேண்டிய காட்டுப்பாதையில் இது பிடிமானத்தையே குறைக்கும். ராம் பவர் வேகன் பிக்கப்பில் முன் ஸ்வே பாரைப் பொத்தானை அழுத்தித் துண்டிக்கும் வசதியைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான். என் கம்பியில் அப்படி வசதி இல்லை. மோசமான பாதைக்குப் போகும் நாளில் ஒரு பக்க லிங்க் போல்டைக் கழற்றி, கம்பியின் கையைக் கயிற்றால் மேலே கட்டிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை, ஆனால் சேற்றில் முழங்கால் போட வேண்டும்.

பெட்டியில் இல்லாத சிறு பொருளைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன்: அது கிரீஸ் பொட்டலம். கம்பியைத் தாங்கும் புஷ்கள் பாலியூரித்தேன் வகை. ரப்பரைவிட உறுதியானவை, நீண்ட காலம் உழைப்பவை. ஆனால் கம்பி அவற்றுக்குள் வழுக்கிச் சுழல வேண்டும், அதற்குச் சிலிகான் வகைக் கெட்டிக் கிரீஸ் வேண்டும். செய்முறைத் தாளில் பொட்டலத்தின் படம் இருந்தது, பெட்டியில் பொட்டலம் இல்லை. கையில் இருந்ததைத் தடவிப் பொருத்திவிட்டேன். மூன்றாம் வாரம் ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய மரக்கட்டில் போலக் கீச்சிட ஆரம்பித்தது. நான் தடவியது சாதாரண பேரிங் கிரீஸ். மழைநீரில் கழுவிக்கொண்டு போயிருந்தது. புஷ்களைப் பிரித்துத் துடைத்து, சிலிகான் கிரீஸைத் தாராளமாக உள்ளே தடவி மாட்டிய பிறகு ஓசை நின்றது. பிரித்தபோது ஒன்றைக் கவனித்தேன்: புஷ்ஷின் உள்முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். கிரீஸ் தங்குவதற்கான இடம் அது. அதை நிரப்பாமல் மேலாகத் தடவுவதில் பயனில்லை.

ஷாக் மாற்றி இப்போது 17,000 கிலோமீட்டர், கம்பி போட்டு 14,000. ஷாக்குகளில் கசிவு இல்லை. அதே கரடுமுரடான பாதையில் ஓட்டித் தொட்டுப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே சூடு. புதிய பின் டயர்கள் சீராகத் தேய்கின்றன. கம்பியின் லிங்க் நட்டுகளில் ஒன்று 500 கிலோமீட்டரில் தளர்ந்து ‘டக் டக்’ என்றது, இறுக்கியபின் சத்தமில்லை.

யாருக்கு எது என்று கேட்டால், காலியாகவோ இலேசான பாரத்தோடோ ஓட்டுகிறவர் ஷாக்கை மட்டும் மாற்றி, இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும் என்பேன். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். உயரத்தில் பாரம் சுமக்கிறவருக்கும், தொட்டிமேல் கூடாரம் போன்ற எடையை நிரந்தரமாக ஏற்றி வைத்திருக்கிறவருக்கும் பின் ஸ்வே பார் உண்மையாகவே உதவும், மெல்லிய கம்பியாகவும் மென்மையான துளையில் தொடங்குவதாகவும் இருந்தால். அவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது: சாய்வு குறைந்ததால் வண்டி கவிழும் வரம்பு உயர்ந்துவிடவில்லை, எடைமையம் இருந்த உயரத்திலேயேதான் இருக்கிறது. முன்பு சாய்வைப் பார்த்து வேகத்தைக் குறைத்த இடத்தில் இப்போது எனக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதனால் அந்த நீண்ட வளைவில் மட்டும், பாரம் இருக்கும் நாட்களில், ஸ்பீடோமீட்டரைப் பார்த்துப் பழைய வேகத்திலேயே ஏறுகிறேன்.